ஆள் இருந்த நாற்காலி

1

1974 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. பினாங்கு.

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் மெலிதாக வந்ததால் வாளிகள் நிறைய நேரமானது. குளித்துத் திருநீறு பூசி, இட்லி சாப்பிட்டேன். வாரச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். அது ஞாயிற்றுக்கிழமை வேலை. சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். மதியம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. பிறகு சிறு தூக்கம். நாலு மணிக்கு நான் வெளியே போக உடுத்திக்கொண்டபோது என் மனைவி சிவகாமி கேட்டாள்.

"இன்னிக்கு யாரு வீட்டுச் சோறு?"

"துறைமுகத்துப் பக்கம் ஒரு சீனக் கடை."

"போன தடவை சீனக் கடையில நண்டைத் தின்னுட்டு ரெண்டு நாள் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தீகளே, அதுக்குள்ள மறந்துபோச்சா?"

"அது கடைக்காரன் தப்பில்லை. நான் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டேன்."

"அப்ப வயித்து மேலதான் தப்பு. போய்ட்டு வாங்க."

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டரமாணிக்கத்திலிருந்து புறப்பட்டு நான் இந்த ஊருக்கு வந்து இறங்கி இருபது வருடம் ஆன நாளில், வீட்டில் பாயசம் வைத்தார்கள். அப்போது என் மகள் மங்கை ஒன்று சொன்னாள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். வயது பதினேழு. பள்ளியிலும் தெருவிலும் சீனப் பிள்ளைகளோடு பழகி அவர்கள் பேசும் ஹொக்கியன் மொழியைத் தமிழைவிட வேகமாகப் பேசுவாள்.

"இருவது வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க. வீட்டை விட்டா அந்த ஒரே தமிழ் மெஸ். அப்பா, நீங்க பினாங்குக்கு இன்னும் வரவே இல்லலா."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று பாயசம் இறங்கவில்லை. துறைமுகக் கிடங்கு ஒன்றில் சாமான் பொறுப்பாளராக வேலை பார்க்கிறேன். உலகத்தின் எந்தச் சரக்கு எந்த மூட்டையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தச் சரக்கைச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களைத் தெரியாது. அடுத்த ஞாயிறு முதல் வாரம் ஒரு கடை என்று வைத்துக்கொண்டேன். சாப்பிடுவதோடு நிறுத்துவதில்லை. நீங்கள் எந்த ஊர், நல்ல நாளுக்கு என்ன செய்வீர்கள், துக்க நாளுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டு, வீட்டுக்கு வந்து எழுதிவைப்பேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். எனக்கோ ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஓர் அதிர்ச்சி இருந்தது.

சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்களின் காப்பிக் கடையில், அரைவேக்காட்டு முட்டையைக் கோப்பையில் உடைத்து ஊற்றிக் கறுப்பு சோயாச் சாற்றைத் தெளித்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் அதைக் கஷாயம்போல ஒரே மூச்சில் குடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். சயாம்காரர்களின் கடையில் மிளகாயைக் கடித்துவிட்டு, இவர்களா நம் காரத்துக்குப் பயப்படுவார்கள் என்று நினைத்தேன். காரம் நம் சொத்து என்று அதுவரை நம்பியிருந்தேன்.

எல்லாவற்றிலும் பெரிய அடி ஒரு மலாய்க்காரப் பெண்ணின் தள்ளுவண்டியில் விழுந்தது. பிற்பகலில் பலகாரம் விற்பவர். பெரிய சட்டியில் கறுப்பாக ஏதோ கொதித்தது. கரண்டியால் அள்ளிக் கோப்பையில் விட்டு, மேலே தேங்காய்ப்பால் ஊற்றினார். வாயில் வைத்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கவுனி அரிசி! காரைக்குடிப் பக்கம் கல்யாணத்தில், அதுவும் பெரிய வீட்டுக் கல்யாணத்தில், கரண்டி நுனியால் வைப்பார்களே, அதே கவுனி அரிசி. இங்கே கைவண்டி இழுக்கிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தெருவில் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது எங்கள் ஊர் அரிசி. உங்களுக்கு யார் கொண்டுவந்து கொடுத்தார்கள்?" என்று மலாயில் கேட்டேன்.

அந்தப் பெண் சட்டியைக் கிண்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "இது சயாமிலிருந்து வருகிறது. என் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சாப்பிடுகிறோம். உங்கள் ஊருக்கு யார் கொண்டுவந்து கொடுத்தார்கள்?"

வீட்டுக்கு வந்து சிவகாமியிடம் சொன்னேன். "பர்மாவுல இருந்து கொண்டாந்ததுன்னு ஊருக்கே தெரியும். இம்புட்டு எழுதுறீக, இது தெரியலையா?" என்றாள். நமக்கே உரியது என்று நெஞ்சில் வைத்திருந்ததை அயலார் எடுத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருந்தேன். நாம்தான் எடுத்து வந்திருக்கிறோம். அன்று இரண்டு பக்கம் எழுதினேன்.

என் மலாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடியுரிமைக்கு மனுப் போட்டவர்கள் மலாய் தெரியும் என்று அதிகாரி முன் பேசிக் காட்ட வேண்டும். மூன்று முறை அலையவிட்டு, நான்காம் முறை உட்காரச் சொன்னார்கள். மீன் சந்தைக்குப் போவதைப் பற்றிப் பேசு என்றார் அதிகாரி. பேசினேன். விலை கேட்பது, செதிளை எடுக்கச் சொல்வது, நேற்றைய மீனா என்று சண்டை போடுவது எல்லாம் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். ஆகவே எனக்கு மலாய் தெரியும் என்பது அரசாங்கமே ஒப்புக்கொண்ட விஷயம். அந்த நம்பிக்கையோடுதான் இந்த ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பினேன்.

3

கடை துறைமுகச் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருந்தது. பலகைக் கதவு. பளிங்குக் கல் பதித்த வட்ட மேசைகள் ஐந்து. நான்கில் ஆட்கள் இருந்தார்கள். சுவரோரம் இருந்த ஐந்தாவது மேசையில் ஆள் இல்லை, ஆனால் சாப்பாடு பரிமாறியிருந்தது. கிண்ணத்தில் குவித்த சோறு. இஞ்சியை நறுக்கித் தூவி ஆவியில் வேகவைத்த முழு வாவல் மீன். சோயாச் சாற்றில் கறுத்த முட்டை. உப்பிலிட்ட கீரைத்தண்டு. ஒரு கோப்பைத் தேநீர். மேசை ஓரத்தில் ஒரு சிகரெட் பெட்டியும் தீப்பெட்டியும். நாற்காலி ஒன்றே ஒன்று.

நம் பக்கத்துப் பந்தி எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் உட்காருவதற்கு முன்பே இலையில் எல்லாவற்றையும் வைத்துவிடுவோம். பரிமாறிய இலை காத்துக் கிடந்தால் வீட்டுக்காரருக்குப் பொறுக்காது. வழியில் போகிறவனைக்கூடத் தோளைப் பிடித்து அழுத்தி, "அந்தா எலை கெடக்குல்ல, உக்காருங்க" என்பார்கள். தயங்கி நிற்பவனைத்தான் குறை சொல்வார்கள். சோறு வைத்த இடத்தில் ஆள் இல்லையென்றால், அது வருகிறவனுக்கு உரியது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வளர்ந்ததே அப்படி.

நான் அந்த மேசைப் பக்கம் நகர்ந்தேன். அடுப்படியில் நின்ற அம்மாள் என்னைப் பார்த்துவிட்டார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. கையில் கரண்டியோடு இரண்டடி முன்னால் வந்து, மலாயில் உரக்கச் சொன்னார்.

"அனாக் மக்கான்! அனாக் மக்கான்!"

சொல்லிக்கொண்டே உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து ஆட்டினார்.

அனாக் என்றால் பிள்ளை. மக்கான் என்றால் சாப்பிடு. பிள்ளை, சாப்பிடு! என் தாயார் போன பிறகு என்னைப் பிள்ளை என்று யாரும் கூப்பிட்டதில்லை. நம் ஊரில் வயதான பெண்கள் முகம் தெரியாதவனையும் "வாய்யா, என்னப் பெத்த அப்பா, ஒரு வாய் தின்னுட்டுப் போ" என்பார்கள். கடல் கடந்து வந்து, ஒரு சீன அம்மாள் வாயிலிருந்து அதே வார்த்தை வருகிறதே என்று எனக்குக் கண் கலங்கியது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவர் மூன்றாவது முறை சொன்னார். இந்த முறை மெதுவாக. நான் தலையை ஆட்டிவிட்டு முதல் வாய் வைத்தேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

குச்சிகளால் சாப்பிட எனக்கு வராது. கையால் பிசைந்து சாப்பிட்டேன். சோறு ஆறியிருந்தது. மீன் அருமை. மற்ற நான்கு மேசைகளிலும் பேச்சு நின்றுவிட்டது. ஒரு தமிழன் தங்கள் சாப்பாட்டை இவ்வளவு ரசித்துச் சாப்பிடுகிறானே என்று பார்க்கிறார்கள் போல என்று நினைத்து, எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தாயைப்போலக் கூப்பிட்டுச் சோறு போட்டவர் மனம் கோணக் கூடாது என்று ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். மீன் தலையையும் விடவில்லை.

எழுந்து கை கழுவிவிட்டு, அந்த சிகரெட் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். யாரோ மறந்து விட்டுப் போயிருக்கிறார்கள், வந்தால் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். காசு எவ்வளவு என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். எவ்வளவோ சொல்லியும் வாங்கவில்லை. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய் வீட்டுக்கு வந்தேன்.

4

சட்டையைக் கழற்றும் முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். சிவகாமி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பாத்தீகளா, எந்தச் சாதியா இருந்தா என்ன, பெத்த வயிறுன்னா அப்படித்தான்" என்றாள்.

மங்கை மட்டும் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டாள்.

"ஒரே நாற்காலியா அப்பா?"

"ஒன்றுதான்."

"சிகரெட் பெட்டி பிரிச்சிருந்துச்சா?"

"இல்லை. புதுப் பெட்டி."

"சோறு சூடா இருந்துச்சா?"

"ஆறிப்போயிருந்தது. அதனால் என்ன? அன்பாகக் கொடுத்தார்."

"கையை எப்படி ஆட்டினாங்க? ஆட்டிக் காட்டுங்க."

ஆட்டிக் காட்டினேன். உள்ளங்கை கீழே, கை இங்குமங்கும் அசைய.

"அது 'உட்காரு'ன்னு இல்லப்பா. 'வேணாம், வேணாம்'னு."

"வேண்டாம் என்றால் எதற்கு 'பிள்ளை, சாப்பிடு' என்கிறார்?"

"'பிள்ளை, சாப்பிடு' இல்ல. 'பிள்ளை சாப்பிடறான்'. 'என் மகன் சாப்பிட்டுக்கிட்டிருக்கான்'னு சொல்லியிருக்காங்க."

நான் சிரித்தேன். "அங்கேதான் யாருமே இல்லையே, ஆத்தா."

"அப்பா, இன்னைக்கு அவங்க ஏழாம் மாசத்துக் கடைசி நாள்."

அதன் பிறகு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சீனர்களின் ஏழாம் மாதம் எனக்குத் தெரியாததல்ல. இருபது வருடமாகப் பார்க்கிறேன். இறந்தவர்களுக்கு அந்த மாதம் முழுவதும் கதவு திறந்திருக்கும், அவர்கள் வந்து போவார்கள். தெருவில் ஆளுயர ஊதுபத்தி எரியும். கூத்துக் கொட்டகையில் முன்வரிசை நாற்காலிகளை அவர்களுக்கென்று காலியாக விட்டிருப்பார்கள். கடைசி நாளன்று வயிறாரப் போட்டு அனுப்புவார்கள். எல்லாம் தெரியும். ஆனால் அந்த மேசையில் ஊதுபத்தி இல்லை, படம் இல்லை, மெழுகுவத்தி இல்லை. வெறும் சோறுதான் இருந்தது.

"ஏங்க," என்றாள் சிவகாமி. குரல் அடங்கிப்போயிருந்தது. "செத்த பிள்ளைக்குப் போட்ட படையலையா தின்னுட்டு வந்தீக?"

தரையில் உட்கார்ந்தேன். கண்டரமாணிக்கத்தில் எங்கள் வீட்டில் படையல் போட்டதும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போம். இறந்தவர்கள் வந்து தொட்ட பிறகுதான் திறப்போம். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது வடை வாசனைக்குக்கூட மூச்சை இழுத்தால் அடி விழும். அப்படி வளர்ந்த நான் ஒரு தாய் மூன்று முறை வேண்டாம் என்று சொல்லியும் கும்பிட்டு உட்கார்ந்து, மீன் தலையைக்கூட விடாமல் தின்று, அவள் மகனுக்கு வைத்த சிகரெட்டையும் எடுத்து அவள் கையிலேயே கொடுத்திருக்கிறேன். அந்தச் சோறு என் வயிற்றில் கிடந்தது. கடையில் கழுவிய பிறகும் விரலில் இஞ்சி மணம் போகவில்லை.

"எந்திரிங்க. இப்பவே போய் அந்தம்மா கால்ல விழுங்க," என்றாள் சிவகாமி. "மங்கையைக் கூட்டிட்டுப் போங்க. ஒங்க மலாயை நம்பிப் போகாதீக."

5

மங்கையைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. தெருமுனைகளில் இறந்தவர்களுக்கென்று காகிதப் பணம் எரித்த சாம்பல் குவிந்து கிடந்தது. கடையில் பாதிப் பலகை போட்டாகிவிட்டது. அந்த அம்மாள் உள்ளே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது மேசை அப்படியே இருந்தது. நான் சாப்பிட்ட கிண்ணத்தைக்கூட எடுக்கவில்லை.

மங்கை அவரை "அ சிம்" என்று கூப்பிட்டாள். அவர்கள் மொழியில் சின்னம்மா என்பதுபோல. நான் சொன்னதை அவள் அவர்கள் மொழியில் சொன்னாள். அவர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னாள்.

"நாற்காலி ஒண்ணுதான் போட்டிருந்தேன், உங்க அப்பா அதைப் பார்க்கலையான்னு கேக்கறாங்க."

"பார்த்தேன். புரியவில்லை என்று சொல்."

அவர் மேசையையே பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். மங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு ஆத்தா."

"அவன் உட்கார்ந்திருந்தானாம் அப்பா. நீங்க அவன் மடியில உட்கார்ந்தீங்களாம்."

அந்த நாற்காலியைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மகனின் பெயர் ஆ செங். மீன்பிடிப் படகில் போனவன், மூன்று வருடத்துக்கு முன் திரும்பவில்லை. இருபத்துமூன்று வயது. உடல் கிடைக்கவில்லை, அதனால் கல்லறையும் இல்லை. கல்யாணமும் ஆகவில்லை, பேர் சொல்லிக் கும்பிடப் பிள்ளையும் இல்லை. ஏன் ஊதுபத்தி வைக்கவில்லை, வைத்திருந்தால் நான் தெரிந்துகொண்டிருப்பேனே என்று கேட்கச் சொன்னேன்.

"பெத்தவ பிள்ளையைக் கும்பிடலாமான்னு கேக்கறாங்க. பெரியவங்க சின்னவங்களுக்கு ஊதுபத்தி காட்டக் கூடாதாம். சோறு வெக்கலாம், அவ்வளவுதான். வருஷத்துக்கு இந்த ஒரு நாள் வெக்கறாங்க. அவங்க வீட்டுல மத்தவங்களுக்கு அதுவே பிடிக்காதாம்."

"மறுபடி சமைக்கச் சொல். மீன் நான் போய் வாங்கி வருகிறேன். எங்கே இருந்தாலும் வாங்கி வருகிறேன்."

மங்கை கேட்டாள். அவர் தெருமுனைச் சாம்பலைக் கையால் காட்டினார்.

"அனுப்பிட்டாங்களாம். கதவு சாத்தியாச்சு. பசியோட போய்ட்டான், இனி அடுத்த வருஷம்தான்னு சொல்றாங்க."

அடுத்த வருடம் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் தம் முழங்காலைத் தடவிக்கொண்டார். அதுவரை இருப்போமா என்று நினைத்தாரோ என்னவோ. கடைசியாக ஒன்று கேட்டேன். ஏன் என் கிண்ணத்தைப் பிடுங்கவில்லை? கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கலாமே?

அவர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். மங்கை தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தாள்.

"சாப்பிடறவனை எழுப்பக் கூடாதாம்."

6

வீட்டுக்கு வந்து சொன்னோம். சிவகாமி சுவரில் தொங்கிய நாட்காட்டியின் முன் போய் நின்றாள்.

"நாளைக்கு அமாவாசை," என்றாள்.

"தெரியும். அப்பாவுக்குப் படைக்க வேண்டும்."

"அந்தப் பிள்ளைக்கும் ஒரு எலை போடுவோம்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"அவுக கணக்குல இன்னிக்கி மாசம் முடிஞ்சுபோச்சு, கதவு சாத்தியாச்சு. நம்ம கணக்குல நாளைக்கித்தான் எல்லாரும் வருவாக. ஒரு ராத்திரிதானே? பசியோட போற பிள்ளை ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டான்."

இத்தனை வருடம் இவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். எந்த ஞாயிறும் இவள் என்னோடு ஒரு கடைக்கும் வந்ததில்லை. சீனச் சோறு ஒரு வாய் தின்றதில்லை.

"அவர்கள் பிள்ளை நம் வீட்டுக்கு எப்படி வருவான்?"

"நீங்க அவுக வீட்டுக்கு எப்படிப் போனீக? சோறு இருக்குன்னு தெரிஞ்சுதானே?"

மங்கை அதற்குள் என் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டாள். அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டு அரைமணியில் திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னாங்கடி?"

"முதல்ல ஒண்ணுமே சொல்லலம்மா. அப்புறம், உங்க அம்மா மீன் போடுவாங்களான்னு கேட்டாங்க. ஆ செங் மீன் இல்லாம சாப்பிடவே மாட்டானாம்."

அமாவாசைக்கு மீனா! எங்கள் வீட்டில் அன்று மீன்சட்டியைக்கூடக் கொல்லைக்கு எடுத்துப்போய் வைத்துவிடுவோம். என் அப்பா உயிரோடு இருந்தபோது, அமாவாசையன்று பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்ததற்கே வாசலில் நின்று சத்தம் போட்டவர். அவருக்கு இலை போடுகிற அதே கூடத்தில் எப்படி மீன் வைப்பது? முடியாது என்றேன். வேறு என்ன செய்தாலும் சரி, அது மட்டும் முடியாது என்றேன்.

"மாமா ரங்கூன்ல பதினஞ்சு வருஷம் இருந்துட்டு வந்தாக," என்றாள் சிவகாமி. "அங்குட்டு அமாவாசைக்கு என்ன தின்னாகன்னு நீங்க போய்ப் பாத்தீகளா?"

மங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாமாவுக்குச் சைவம். அந்தப் பிள்ளைக்கு மீனு. ரெண்டும் ரெண்டு மூலையில. அவுகவுக எலை அவுகவுகளுக்கு. மாமாவுக்குக் கோவம் வந்தா என்கிட்ட வரட்டும், நான் சொல்லிக்கிறேன். அவுகளும் பிள்ளையைத் தூரதேசத்துக்கு அனுப்பிட்டு ஒக்காந்திருந்தவுகதான்."

சரி என்றேன்.

"இன்னொண்ணும் கேட்டாங்க அப்பா," என்றாள் மங்கை. "தரையிலயா, மேசையிலயான்னு. அவனுக்குத் தரையில உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கம் இல்லையாம்."

"நீ என்ன சொன்னாய்?"

"எங்க அப்பாகிட்ட ஒரு மேசை இருக்குன்னு சொன்னேன். வீட்டுக்கு வழியும் சொன்னேன்."

எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே மேசை நான் எழுதுகிற மேசை. அதை யாரும் தொடுவதில்லை. மங்கை சிறுமியாக இருந்தபோது அதன் மேல் ஒரு டம்ளர் பாலை வைத்ததற்கு இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

"வருகிறேன் என்றாரா?"

"சொல்லலப்பா. கேட்டுட்டு, பலகையைப் போட்டுச் சாத்திக்கிட்டாங்க."

7

செப்டம்பர் 16, திங்கட்கிழமை. வெளிச்சம் வரும் முன் எழுந்தேன். குளித்துவிட்டு முதல் வேலையாக மேசையைக் காலி செய்தேன். குறிப்பேடுகளையும் மைப்புட்டியையும் அகராதியையும் சுவரோரம் தரையில் அடுக்கினேன். மேசையைக் கூடத்தின் கிழக்கு மூலைக்கு இழுத்துப் போட்டு ஈரத்துணியால் துடைத்தேன். ஓர் இடத்தில் மைக்கறை போகவில்லை. சிவகாமி வாழையிலையைக் கழுவிக் கொண்டுவந்து, கறை மறையும்படி விரித்தாள். நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். அதை மேசைக்குள் தள்ளிவிடாமல், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இழுத்து வைத்தேன்.

பிறகு வாசல் கதவைத் திறந்தேன். அந்த அம்மாள் படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ, கதவைத் தட்டவில்லை. கையில் துணி சுற்றிய அடுக்குச் சட்டி. என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருந்த மேசையைப் பார்த்தார். அவர் ஒருவர் நுழைய அந்த வாசல் போதும். இரண்டு பேர் நுழைகிற அளவுக்கு நன்றாக ஒதுங்கி நின்றேன்.